திருவிருந்தும் அடிமைமுறையும்: றிப்ளித் திருச்சபையின் பிளவு

ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ ஆற்றின் வடகரையில் அமைந்த சிற்றூர் றிப்ளி. ஆற்றுக்கு அப்பாலுள்ள கென்ரக்கியில் அடிமைமுறை சட்டத்தின் காப்பைப் பெற்றிருந்தது. 1822இல் றிப்ளியின் பிரஸ்பிற்றேரியன் சபைக்குப் போதகராக வந்தவர் ஜோன் ராங்கின். வேர்ஜீனியாவில் வாழ்ந்த சகோதரர் தொமஸ் அடிமைகளை வாங்கியதையறிந்து அவர் எழுதிய கண்டனக் கடிதங்கள் முதலில் ஊர்ப் பத்திரிகையிலும், 1826இல் நூலாகவும் வெளிவந்தன. தொமஸ் பின்னர் தம் அடிமைகளை விடுவித்தார்.

ஆற்றைக் கடந்து தப்பிவந்தோர்க்குக் குன்றின்மேலிருந்த ராங்கினின் இல்லம் அடைக்கலமாயிற்று. அவ்வீட்டின் விளக்கையே பலரும் விதந்துரைப்பர். ஆயின் சபையின் வரலாற்றை நிர்ணயித்தது திருவிருந்து மேசையே எனல் பொருந்தும். பிரஸ்பிற்றேரியன் பொதுப்பேரவை 1818இலேயே அடிமைமுறையைக் கடவுளின் சட்டத்துக்கு முரணானதென ஏகமனதாகக் கண்டித்திருந்தது. அடிமைகளை வைத்திருந்தோரை மட்டும் விலக்கவில்லை. கண்டனம் ஏட்டில் இருந்தது. கண்டிக்கப்பட்டோர் மேசையில் இருந்தனர். 1837இல் பேரவை இரண்டாகப் பிரிந்தபோதும் இந்நிலை மாறவில்லை.

அத்தகையோருடன் ஒரே அப்பத்தைப் பகிர்வது பாவத்திற் பங்குகொள்வதே என ராங்கின் வாதிட்டார். 1840களில் சபையினரில் ஒரு பகுதியினருடன் அவர் வெளியேறினார். 1847இல் உருவான சுதந்திர பிரஸ்பிற்றேரியன் திருச்சபை, அடிமை உடைமையாளருக்கு உறுப்புரிமையை மறுத்தது. பழைய சபையில் தங்கியோர் யாவரும் அடிமைமுறையை ஆதரித்தோர் எனக் கொள்ளல் நியாயமன்று. உள்ளே நின்றே திருத்தலாம் என்ற வாதமும் அன்று வலுவுடையதாயிருந்தது.

1865இன் அரசியலமைப்புத் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. தனித்து நிற்கக் காரணமிழந்த சுதந்திரச் சபையினர் மீண்டும் தாய்ச்சபைகளோடு இணைந்தனர்.