ரோஜாப் போர்கள்: பெயரும் அதிகாரமும்

இங்கிலாந்தின் முடியுரிமை குறித்து லங்காஸ்டர், யார்க் ஆகிய இரு அரச மரபினரிடையே 1455 முதல் 1487 வரை விட்டுவிட்டு நிகழ்ந்த போர்கள் 'ரோஜாப் போர்கள்' என வழங்கப்பெறுகின்றன. அவற்றில் போரிட்டோர் இப்பெயரை அறியார். வால்டர் ஸ்காட் 1829இல் வெளியிட்ட புதினத்திற்குப் பின்னரே இது பரவலாயிற்று.

வெள்ளை ரோஜா யார்க் மரபின் சின்னங்களுள் ஒன்று மட்டுமே. நான்காம் எட்வர்டு கதிர்விடும் ஞாயிற்றையும் மூன்றாம் ரிச்சர்டு வெண்பன்றியையும் சின்னமாகக் கொண்டிருந்தனர். சிவப்பு ரோஜாவை முதன்மைப்படுத்தியவர், 1485 ஆகஸ்டு 22இல் பாஸ்வொர்த் களத்தில் ரிச்சர்டை வென்ற ஏழாம் ஹென்றி ஆவார். 1486இல் அவர் யார்க் மரபின் எலிசபெத்தை மணந்தார். இரு நிறங்களும் இணைந்த டியூடர் ரோஜா, இரு குடிகளின் பகை தம்மால் தீர்ந்தது எனப் பறைசாற்றியது.

நிகழ்ச்சிகளோ இப்பிரிவினைக்குள் அடங்குவன அல்ல. 1461இல் எட்வர்டை அரியணையேற்றத் துணைநின்ற வார்விக் பிரபுவே, 1470இல் லங்காஸ்டர் மரபின் ஆறாம் ஹென்றியை மீண்டும் அமர்த்தினார். 1483இல் ரிச்சர்டு முடியைப் பறித்தது தம் அண்ணன் மகனிடமிருந்தே. அது யார்க் குடிக்குள் விளைந்த பூசல்.

சின்னத்தைப் போன்றே காலக்கணக்கும் அதிகாரத்தின் கருவியாயிற்று. ஏழாம் ஹென்றி தம் ஆட்சியைப் போருக்கு முந்திய நாளான ஆகஸ்டு 21 முதல் கணக்கிட்டார். அதனால், முடிசூடியிருந்த மன்னனுக்காகப் போரிட்டோர் சட்டத்தின்முன் அரசத் துரோகிகளாயினர். அவர்தம் நிலங்களைப் பறிமுதல் செய்யவும் வழி பிறந்தது.

எனவே, 'ரோஜாப் போர்கள்' என்னும் தொடரைச் சமகாலச் சான்றாகக் கொள்ளலாகாது. வென்றவர் சின்னத்தினின்று பிற்காலத்தார் வடித்த விளக்கமாகவே அதனைக் கொள்ளுதல் வேண்டும்.