கார் எஞ்சின் ஐட்லிங் கோளாறு: சென்னை நிலவரம்

கார் நின்றபடி இருக்க எஞ்சின் மட்டும் ஓடுவது ஐட்லிங். ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காதபோது பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்கள் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று (ஆர்பிஎம்) வரை சுற்றும். அந்தச் சுற்று ஏறி இறங்கினாலும், ஸ்டியரிங்கும் இருக்கையும் அதிர்ந்தாலும், சிக்னலில் வண்டி தானாக அணைந்தாலும் அது ஐட்லிங் கோளாறு. ஏதேனும் ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டால் அதை மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பார்கள்.

சென்னையின் தென்பகுதியில் கார்கள் வாழும் வாழ்க்கையே இந்தக் கோளாறை வளர்க்கிறது. மயிலாப்பூர் மாட வீதிகளிலும் பனகல் பூங்காவைச் சுற்றியும் கார் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகம். வெயிலில் ஏசியை அணைக்க முடியாது. லஸ்ஸிலிருந்து தி.நகருக்குப் போய் வரும் குறுகிய ஓட்டத்தில் ஸ்பார்க் ப்ளக் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும் அளவுக்குச் சூடேறுவது அரிது.

ஐட்லிங்கில், எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் த்ராட்டிலின் தகடு மயிரிழை அளவே திறந்திருக்கும். எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து மேலேறும் எண்ணெய் ஆவி அந்தத் தகட்டின் விளிம்பில் படிந்து, நாளடைவில் கறுப்புப் பிசினாகிறது. வண்டி வேகமாகப் போகும்போது தகடு நன்றாகத் திறந்திருப்பதால் இந்தப் படிவம் தெரியாது. சிக்னலில் நிற்கையில்தான் காற்று போதாமல் எஞ்சின் திணறும். "ஓட்டும்போது நன்றாக இருக்கிறது, நிறுத்தினால் உதறுகிறது" என்று வரும் கார்களில் முதலில் த்ராட்டில் பாடியைக் கழற்றிப் பார்ப்பது நியாயம். அதற்கான க்ளீனரைத் துணியில் தெளித்துத் துடைத்தால் போதும். மணல் காகிதம் கூடாது. மின்னணுத் த்ராட்டில் உள்ள வண்டிகளில் துடைத்து முடித்ததும் எஞ்சின் கணினிக்குப் புதிய ஐட்லிங் நிலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் ஆர்பிஎம் உயர்ந்தே நிற்கும்.

கார்புரேட்டர் காலத்தில் சிகிச்சை வேறு. 1983 இறுதியில் மாருதி 800 வந்த பிறகும் பல ஆண்டுகள் ஸ்க்ரூ டிரைவரும் காதுமே கருவிகள்; காற்றுத் திருகையும் ஸ்லோ திருகையும் மாறி மாறித் திருப்பி வைப்பார்கள். சென்னையின் யூகால் நிறுவனம் ஜப்பானின் மிகுனியோடு கூட்டு வைத்து மாருதிக்குக் கார்புரேட்டர் செய்துகொடுத்தது. மாசு விதிகள் இறுகியதும் இன்ஜெக்‌ஷன் வந்தது. திருகு போய் சென்சார்கள் வந்தன. பாரத் ஸ்டேஜ் 4 விதி சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் 2010 ஏப்ரலிலும், பாரத் ஸ்டேஜ் 6 நாடு முழுதும் 2020 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன.

கோளாறு எப்போது வருகிறது என்பதே நோயறிதலின் பாதி. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் உதறினால் ப்ளக், வெப்பநிலை சென்சார் ஆகியவற்றைப் பார்க்கலாம். ஏசி போட்டவுடன் சரிந்தால், கம்ப்ரெஸர் இழுக்கும் சுமைக்கு ஏற்பக் கணினி காற்றைக் கூட்ட முடியவில்லை என்று பொருள். அழுக்குத் த்ராட்டிலோ, பழைய வண்டியானால் ஐட்லிங் காற்று வால்வோ காரணமாகலாம். ஆர்பிஎம் உயர்ந்து நின்று 'உஸ்' என்ற சத்தமும் கேட்டால் எங்கோ ஏர் இழுக்கிறது. சென்னை வெப்பத்தில் ரப்பர் வேக்குவம் குழாய்கள் காய்ந்து வெடிப்பது வழக்கம். கையால் வளைத்துப் பார்த்தாலே விரிசல் தெரியும்.

ப்ளக்கைக் கழற்றினால் சிலிண்டரின் கதை முனையில் இருக்கும். வெளிர் பழுப்பு நிறம் நலம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் காற்று மிகுதி, எண்ணெய் ஈரம் என்றால் ரிங் அல்லது வால்வு சீல் தேய்மானம். எந்தச் சிலிண்டர் என்று ஐயமிருந்தால் இரண்டு இக்னிஷன் காயில்களை இடம் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். மிஸ்ஸிங் காயிலோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றவாளி காயில்தான். செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கு காயிலையும் மாற்றச் சொல்வது வாடிக்கையாளர் பணத்தை வீணடிப்பது.

ஸ்கேனரில் பி0300 வந்தால் பல சிலிண்டர்களில் மிஸ்ஸிங். பி0301 என்றால் முதல் சிலிண்டர். குறியீடு இடத்தைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று அறிந்து வண்டியை ஓரங்கட்ட வேண்டும்.

எல்லா அதிர்வும் மிஸ்ஸிங் அல்ல. மூன்று சிலிண்டர் எஞ்சின்கள் இயல்பிலேயே சற்று அதிரும். ஆர்பிஎம் முள் அசையாமல் நின்றும் வண்டியின் உடல் உதறினால், எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கும்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பகுதிகளை மூழ்கடித்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டரில் புகுந்த நீர் அமுங்காது; பிஸ்டன் மேலேறும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். லேசாக நனைந்த கார்களில் ப்ளக் குழிக்குள் தேங்கிய நீரே மிஸ்ஸிங்கை உண்டாக்கும். காற்றடித்து உலர்த்தினால் தீரும். பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று கனெக்டர்களில் பச்சைக் களிம்பை ஏற்றும். நாள்கணக்கில் நிற்கும் கார்களில் எலி ஒயரைக் கடிக்கும். இவை இரண்டையும் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

உதிரிபாகத்துக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோட்டுக்கும், பழைய பாகத்துக்குப் புதுப்பேட்டைக்கும் போவது நகரத்தின் வழக்கம். மவுண்டிங்கைத் தாங்கும் இரும்புப் பிராக்கெட் போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். ப்ளக், காயில், ஆக்ஸிஜன் சென்சார் ஆகியவற்றைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

வேலை முடிந்ததும் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றுக்கான சோதனையைச் செய்துகொள்வது நல்லது. பாரத் ஸ்டேஜ் 4 மற்றும் அதற்குப் பிந்தைய பெட்ரோல் கார்களில் ஐட்லிங்கின்போது கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்மையும் தாண்டக் கூடாது. சான்றிதழில் 'தேர்ச்சி' என்பதோடு நின்றுவிடாமல் இந்த இரண்டு எண்களையும் படித்துப் பாருங்கள். ஹைட்ரோகார்பன் எல்லையை ஒட்டி நின்றால் வண்டி மறுபடி மெக்கானிக்கிடம் போக வேண்டும்.