வாகனத் தொடுதிரையும் வழிகாட்டியும்: முதிய ஓட்டுநர்களுக்கான பயன்பாட்டு எளிமை

வாகனத் தகவல்-பொழுதுபோக்கு அமைப்பு என்பது, காரின் முன்பலகையிலுள்ள தொடுதிரை வழியாக வரைபட வழிகாட்டல், கைபேசி, வானொலி, குளிரூட்டி முதலியவற்றை இயக்கும் கணினி ஏற்பாடாகும். காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும் ஒரகடத்தில் 2010 முதலும் கார்கள் பெருமளவில் உற்பத்தியாகிவருவதால், இவ்வமைப்பு இப்பகுதியின் தொழில் வரலாற்றோடும் தொடர்புடையது.

முதுமையும் திரையும்: நாற்பது வயதுக்குப்பின் தோன்றும் வெள்ளெழுத்து, அதாவது அண்மைப் பொருளைத் தெளிவாகக் காண இயலாத நிலை, சாலையிலிருந்து திரைக்குப் பார்வையை மாற்றுவதைத் தாமதப்படுத்துகிறது; சிறிய எழுத்துகளும் பல அடுக்குப் பட்டியல்களும் இத்தாமதத்தை மிகுவிக்கின்றன. யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தி 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 55 முதல் 75 வயதினர் இவ்வமைப்புகளைக் கையாளும்போது, 21 முதல் 36 வயதினரைவிடச் சராசரியாக 8 விநாடிக்கு மேல் கூடுதலாகச் சாலையிலிருந்து கவனம் விலகினர்.

காஞ்சிச் சூழல்: வரதராசப் பெருமாள் கோயிலின் வைகாசிப் பிரமோற்சவத்தில் கருடசேவை, தேரோட்டம் நடைபெறும் நாட்களில் வீதிப் போக்குவரத்து திருப்பிவிடப்படுவதால், வழக்கமான பாதையையே காட்டும் வரைபடம் முதியவரை மீண்டும் மீண்டும் திரையை நோக்கச் செய்யக்கூடும்.

தீர்வுகள்: புறப்படுமுன் சேருமிடத்தைப் பதிவுசெய்தல், தமிழ்க் குரல்வழி வழிகாட்டலைத் தேர்தல், ஒலியளவுக்கும் குளிரூட்டிக்கும் தொட்டுணரக்கூடிய பொத்தான்களை அமைத்தல் ஆகியவை பயன்தரும். ஐரோப்பிய வாகனப் பாதுகாப்பு மதிப்பீட்டமைப்பான யூரோ என்கேப், 2026ஆம் ஆண்டு விதிகளில் திசைகாட்டி விளக்கு, ஒலிப்பான், கண்ணாடித் துடைப்பான் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான்களை வலியுறுத்துவது, முதியோர்க்கு மட்டுமன்றி ஓட்டுநர் அனைவர்க்கும் நன்மை தருவதாகும்.