'என்னிக்காவது மாறிடுவாங்க'ன்னு காத்திருக்கீங்களா? பொய்க் காதலிலிருந்து வெளியே வர சில வழிகள்!

நீங்க அனுப்பின மெசேஜுக்கு ப்ளூ டிக் விழுந்து அஞ்சு மணி நேரம் ஆச்சு. பதில் இல்லை. ஆனா, ஸ்டேட்டஸ் மட்டும் ரெண்டு முறை மாறியிருக்கு. 'பிஸியா இருப்பாங்க' என்று நீங்களே ஒரு காரணமும் கண்டுபிடிக்கிறீர்கள். மாதக்கணக்கில் இதுதான் கதை என்றால், கொஞ்சம் யோசிக்க வேண்டிய நேரம் இது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒருநாள் பதில் வராததால் காதல் பொய்யாகிவிடாது. திரும்பத் திரும்ப நடப்பதைக் கவனியுங்கள். தேவைக்கு மட்டும் தேடி வருவது, பணம் வாங்கியதும் காணாமல்போவது, கேள்வி கேட்டால் 'உனக்கு எப்பவும் சந்தேகம்தான்' என்று பழியை உங்கள் மேலேயே திருப்புவது எல்லாம் அறிகுறிகள். வீட்டுக்குப் பயந்து மறைப்பது வேறு. வருஷக்கணக்கில் பழகியும் ஒரு ஃப்ரெண்டிடம்கூட உங்களை அறிமுகம் செய்யவில்லை என்றால் உஷார்!

தெரிஞ்சும் ஏன் விட முடியலை?

நீங்க பலவீனமானவர் என்பதால் அல்ல. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர் விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், எப்போதாவது மட்டும் உணவு கிடைத்துப் பழகியவை, உணவு நின்ற பிறகும் நீண்ட நேரம் முயன்றுகொண்டே இருந்தன. பத்து நாள் அலட்சியத்துக்குப் பிறகு வரும் ஒரு 'மிஸ் யூ' நம்மைப் பிடித்துவைப்பதும் இப்படித்தான். 'மூணு வருஷம் போச்சே' என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ளும். போன வருஷங்கள் திரும்ப வராது. நாலாவது வருஷத்தையும் கொடுக்கணுமா என்பதுதான் கேள்வி.

வெளியே வருவது எப்படி?

* முதலில் போனைப் பாதுகாப்பாக்குங்கள். ஜிமெயில், இன்ஸ்டா பாஸ்வேர்டு, யுபிஐ பின் எல்லாவற்றையும் மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பார்த்து, தெரியாத கருவி இருந்தால் லாக் அவுட் செய்யுங்கள். லைவ் லொகேஷனை நிறுத்துங்கள்.

* முடிவை ஒரே முறை, ரெண்டே வரியில் சொல்லுங்கள். விளக்கம் நீண்டால் சமாதானப் பேச்சும் நீளும். கை நீட்டும் பழக்கம் உள்ளவர் என்றால் தனியாகச் சந்திக்கவே வேண்டாம், மெசேஜ் போதும்.

* சொன்ன பிறகு பிளாக் செய்யுங்கள். மறுபடி பேசத் தோன்றினால், நம்பகமான ஒரு ஃப்ரெண்டுக்கு போன் பண்ணுங்க.

போட்டோவைக் காட்டி மிரட்டினால்?

பயந்து பணம் கொடுக்காதீர்கள், திரும்பச் சேரவும் செய்யாதீர்கள். சாட்டை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் செய்யலாம். பெண்கள் 181 எண்ணை அழைக்கலாம், உடனடி ஆபத்து என்றால் 112. 18 வயது நிரம்பியவர்கள் 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவச சேவையையும் பயன்படுத்தலாம். படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் அடையாளத்தை மட்டும் வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் அது பரவாமல் தடுக்க உதவுவார்கள்.

பிரிந்த முதல் சில வாரங்கள் கஷ்டமாகத்தான் இருக்கும். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். தூக்கம், சாப்பாடு கெட்டாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ 'டெலி மானஸ்' 14416 எண்ணுக்குப் பேசுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.