நாற்பதாயிரம் டாக்டர்களும் ஒரு சிகரெட்டும்

"முப்பது வருஷமா பிடிக்கிறேன், இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?" டீக்கடையில் இதைக் கேட்காத ஆள் உண்டா? "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் பீடி குடிச்சாரு" என்பது இதன் உடன்பிறப்பு. இரண்டுக்கும் பதில் இங்கிலாந்தில் ஐம்பது வருஷம் நடந்த ஒரு ஆராய்ச்சியில் இருக்கு. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கோங்க :-)

இங்கிலாந்து, வேல்ஸில் 1922-ல் நுரையீரல் புற்றுநோயால் செத்தவர்கள் 612 பேர். 1947-ல் 9,287. என்னடா இதுன்னு அரசாங்கமே அரண்டு போச்சு. பொறுப்பு இரண்டு பேர் தலையில் விழுந்தது: புள்ளியியல் பேராசிரியர் பிராட்ஃபோர்ட் ஹில், இளம் டாக்டர் ரிச்சர்ட் டால். டாலுக்கு ஆரம்பத்தில் சந்தேகமெல்லாம் ரோட்டுக்குப் போடும் தார் மேலதான். சிகரெட்டை யார் சந்தேகப்படுவாங்க? அவரே பிடிச்சிட்டிருந்தார்.

லண்டன் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைப் பேட்டி எடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் வந்த ஆண்கள் 649 பேரில் புகைக்காதவர்கள் வெறும் 2 பேர். வேற நோய்க்காகப் படுத்திருந்த 649 ஆண்களில் 27 பேர். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இன்னொண்ணு. புற்றுநோய்னு நினைச்சுப் பேட்டி எடுத்த சிலருக்கு, அப்புறம் பார்த்தால் அது புற்றுநோயே இல்லை. அவர்களுடைய புகைப்பழக்கம் மற்ற நோயாளிகளோடதான் ஒத்துப்போனது! பேட்டி எடுத்தவங்க மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டு எழுதலைங்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? முடிவு 1950-ல் அச்சில் வருவதற்குள் டால் சிகரெட்டை விட்டுவிட்டார்.

அதே 1950-ல் அமெரிக்காவில் விண்டர் என்ற மாணவரும் கிரகாம் என்ற பெரிய சர்ஜனும் இதே முடிவை வெளியிட்டார்கள். 1933-ல் புற்றுநோய்க்காக ஒரு நுரையீரலை முழுசா வெட்டி எடுத்து ஆளைப் பிழைக்க வைத்தவர் இந்த கிரகாம். பயங்கரமா சிகரெட் பிடிப்பவர். அப்புறம் விட்டார், ஆனால் 1957-ல் நுரையீரல் புற்றுநோயிலேயே போய்ச் சேர்ந்தார். அவர் ஆபரேஷன் செய்த நோயாளியோ அவருக்கு அப்புறமும் உயிரோடு இருந்தார். தாத்தா கதை மாதிரிதான். ஒத்தை ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, கூட்டத்தை எண்ணணும்.

எண்ணினார்கள். 1951-ல் பிரிட்டனில் இருந்த டாக்டர்கள் எல்லாருக்கும், சுமார் 60 ஆயிரம் பேருக்கு, டாலும் ஹில்லும் கடிதம் போட்டார்கள். பிடிக்கிறீங்களா, எவ்வளவு, விட்டுட்டீங்களா, அவ்வளவுதான் கேள்வி. 40 ஆயிரம் பேருக்கு மேல் பதில் போட்டார்கள். அப்புறம் யார் எப்போ எதனால் சாகிறார்கள்னு காத்திருக்க வேண்டியதுதான். (கொடூரமான வேலை, ஆனா வேற வழியில்லை.) 1954-லேயே முதல் அறிக்கை வந்தாச்சு: எவ்வளவு அதிகமா பிடிக்கிறாங்களோ, நுரையீரல் புற்றுநோய்ச் சாவும் அவ்வளவு அதிகம். அதே வருஷம் சுகாதார அமைச்சர் இயன் மக்லியோட் சிகரெட்டுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்குன்னு பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு அறிவித்தார். கையில் என்ன? சிகரெட்! ஒண்ணு மாத்தி ஒண்ணு ஊதிக்கிட்டே சொன்னாராம்.

டாக்டர்களில் நிறையப் பேர் விட்டார்கள். விட்டவர்களுக்கு என்ன ஆச்சு? டீக்கடைக் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கு. டாக்டர்கள் ஆராய்ச்சியின் ஐம்பது வருஷ அறிக்கை 2004-ல் வந்தது. கடைசிவரை பிடித்தவர்கள் பிடிக்காதவர்களைவிடச் சராசரியா 10 வருஷம் முன்னாடியே செத்துப்போனார்கள். 60 வயசில் விட்டால் அதில் 3 வருஷம் திரும்பக் கிடைக்கும், 50-ல் விட்டால் 6, 40-ல் 9, 30-ல் விட்டால் கிட்டத்தட்ட முழுசும். அதுக்கு முன்னாடி 2000-ல் டாலும் ரிச்சர்ட் பீட்டோவும் மற்ற சிலரும் பிரிட்டன் ஆண்களை வைத்துப் போட்ட கணக்கு ஒண்ணு இருக்கு. விடாமல் பிடித்தால், 75 வயசுக்குள் நுரையீரல் புற்றுநோயில் சாக 100-க்கு 16 வாய்ப்பு. 60-ல் விட்டால் 10, 50-ல் விட்டால் 6.

முப்பது வருஷமா பிடிக்கிறவருக்கு ஐம்பது வயசு இருக்குமா? 16 எங்கே, 6 எங்கே!

2004 அறிக்கையையும் டாலே முன்னின்று எழுதினார், வயசு 91. முப்பதுகளின் கடைசியில் சிகரெட்டை விட்ட அந்த மனுஷர் 2005-ல் 92 வயசில்தான் காலமானார்.