கொடியில் ஏறிய சோளிங்கர்

கும்மிடிப்பூண்டி என்றால் இன்று சிப்காட், உருக்காலைப் புகை. 1780 ஆகஸ்டில் குண்டூரிலிருந்து வந்த கர்னல் பெய்லியின் கும்பினிப் படை இங்கேதான் முகாமிட்டது. கொசஸ்தலையாற்று வெள்ளம் அதை மறித்துப் போட்டது. செப்டம்பர் 10இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர், திப்பு படைகளிடம் அது அழிந்தது. அங்கே செத்த சிப்பாய்களுக்குக் கௌரவம் எதுவுமில்லை. தோத்தவனுக்கு ஏது?

மறுவருஷம் அயர் கூட் திருவள்ளூரை ஒட்டிய திருப்பாச்சூர்க் கோட்டையைப் பிடித்தார். 1781 செப்டம்பர் 27இல் சோளிங்கரில் ஹைதரை வென்றார். அதற்குக் கௌரவம் வந்தது, 108 வருஷம் கழித்து, 1889இல்.

பதக்கம் ஒருவன் மார்பில் குத்துவது. இது வேறு. போர்க்களத்தின் பெயரைப் பட்டாளம் முழுவதும் தன் கொடியில் பொறித்துக்கொள்ளும் உரிமை. கூட்டு வீரத்துக்கு மரியாதை என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கௌரவம் யாருக்குச் சொந்தமாகிறது என்று பார்க்க வேண்டும். ஆட்களுக்கல்ல, பட்டாளத்தின் எண்ணுக்கு. ஆலை வாசலில் பாதுகாப்பு விருதுப் பலகை பார்க்கிறோமே, அதில் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரா இருக்கிறது?

1889ஐயும் கவனிக்க வேண்டும். தென்னிந்தியன் சண்டைக்கு லாயக்கில்லை என்று நம்பிய ராபர்ட்ஸ் அப்போது இந்தியப் படைகளின் தளபதி. 'போர்க்குடி' என்னும் கதையாடல் ஓங்கிய காலம். செத்தவர்களின் பட்டாளத்துக்குக் கௌரவம். உயிரோடிருந்த தமிழனுக்கும் தெலுங்கனுக்கும் கதவடைப்பு. சோளிங்கர் கௌரவம் பெற்ற 7ஆம் மதராஸ் காலாட்படை 1903இல் '67ஆம் பஞ்சாபிகள்' ஆயிற்று. ஆட்கள் பஞ்சாபிகளாகிவிட்டார்கள், கௌரவம் மட்டும் பட்டாளத்தோடு போச்சு. நம்ம பக்கத்து ஊரின் பெயரைப் பஞ்சாபி சுமந்தான்.

கோரேகானை (1818) இதோடு வைத்துப் பார்க்கலாம். அங்கேயும் கும்பினி வெற்றிதான். ஆனால் அந்தத் தூணில் செத்தவர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டன; 'நாக்' என்று முடியும் மகர் பெயர்கள். 1927 ஜனவரி 1இல் அம்பேத்கர் அங்கு போய் நின்றபோது கையில் பிடிக்க அந்தப் பெயர்கள் இருந்தன. மதராஸ் படையிலும் பறையர் உண்டு. கொடியில் இருப்பதோ ஊர்ப்பெயர் மட்டும்.

இந்திய மண்ணைப் பிடித்த இத்தகைய போர்களின் கௌரவங்களைச் சுதந்திர இந்தியாவின் ராணுவம் ஒவ்வாதவை என ஒதுக்கிவிட்டது. தேசியத்தின் கணக்கில் அது சரி. சம்பளத்துக்காகச் சோளிங்கரில் நின்ற சிப்பாயைக் கௌரவம் தரும்போதும் கேட்கவில்லை, எடுக்கும்போதும் கேட்கவில்லை.