உடைமைக் குறியும் தொழிற் குறியும்: ஐரோப்பியப் படைகளின் நிறங்கள் பற்றிய ஒரு நோக்கு

இராணுவச் சீருடை பற்றிய ஆய்வு வரலாற்றாசிரியர்களால் நெடுங்காலம் பொருட்படுத்தப்படாது, பொத்தான்களையும் பதக்கங்களையும் சேகரிப்போரின் பொழுதுபோக்காகவே விடப்பட்டு வந்துள்ளது. படைகளின் அமைப்பு, போர்முறை, செலவினம் ஆகியன பற்றிப் பல நூறு பக்கங்கள் எழுதியோர்கூட, ஒரு காலாட்படை வீரனது தோட்பட்டையின் விளிம்பு ஏன் வெள்ளையாயிருந்தது, அவனருகே நின்ற பீரங்கிப்படை வீரனது விளிம்பு ஏன் சிவப்பாயிருந்தது என்ற வினாவை எழுப்புவது அரிது. ஆயினும் அவ்விளிம்பை ஊன்றி நோக்குமிடத்து, ஐரோப்பியப் படைகள் முதலில் யாருக்கு உரியனவாயிருந்தன, பின்னர் எவ்வாறு கைமாறின என்பது அதிற் புலனாகின்றது. படைவீரனின் உடையிலிருந்த நிறம் ஓர் உடைமையாளனின் அடையாளமாகத் தோன்றி, காலப்போக்கில் அரசு வகுத்த தொழிற் பிரிவின் அடையாளமாக மாறியது. அம்மாற்றத்திற்கு ஏறத்தாழ 270 ஆண்டுகள் சென்றன.

பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை ஐரோப்பியப் போர்க்களங்களிற் பொதுச் சீருடை என்பதொன்று நிலைபெற்றிருக்கவில்லை. முப்பதாண்டுப் போரில் (1618–1648) நண்பனையும் பகைவனையும் பிரித்தறிய உதவியது தோளிலோ இடையிலோ கட்டப்பட்ட துணிப்பட்டியே. பேரரசரின் படையினர் சிவப்புப் பட்டியும் ஒல்லாந்தர் செம்மஞ்சட் பட்டியும் அணிந்தனர். சிற்சில வேளைகளிற் தொப்பியிற் செருகிய இலைக்கொத்தே போதுமானதாயிற்று. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரின்போது 1645இற் பாராளுமன்றம் அமைத்த புதிய மாதிரிப் படையே ஒரு நாட்டுப் படை முழுவதும் ஒரே நிற மேலங்கி அணிந்தமைக்குத் தெளிவான முன்னுதாரணமாகும். அம்மேலங்கி சிவப்பு. ஆனால் அப்படையின் ஒவ்வொரு படையணியும் மேலங்கியின் உட்துணி நிறத்தால் வேறுபடுத்தப்பட்டது. கைமுனையை வெளிப்புறமாக மடித்துவிடும்போது உட்துணி வெளியே தெரியும். எனவே உட்துணியின் நிறமே படையணியின் நிறமாயிற்று. பிற்காலத்திற் கழுத்துப்பட்டை, மார்பு மடிப்பு, கைமுனை ஆகியவற்றில் விரிவாக இடம்பெற்ற மடிப்பு நிறங்களின் தோற்றம் இத்தகைய தையற்காரச் சிக்கனத்திலேயே உள்ளது. படைத்தலைவர் தோமஸ் ஃபெயார்பக்ஸின் படையணிக்கு அமைந்த நீலம் அவரது குடும்ப நிறமேயாகும்.

இக்கடைசிச் செய்தி கவனத்திற் கொள்ளப்படவேண்டியது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை படையணி என்பது பெருமளவிற்கு அதன் கேணலின் சொத்தாகவே இயங்கியது. அது அவரது பெயராலேயே அழைக்கப்பட்டது. வீரனின் சம்பளத்திலிருந்து உடைக்கென ஒரு தொகை பிடித்து வைக்கப்பட்டுக் கேணலிடம் சேரும். அவர் துணி வணிகருடன் ஒப்பந்தம் செய்து உடை தைப்பித்து, மிகுதியைத் தமதாக்கிக்கொள்வார். அவர் தெரிந்த நிறத்தையும் அவரது குலச் சின்னத்தையும் வீரன் சுமந்தான். அதாவது, தான் யாருக்கு உரியவன் என்பதைக் காட்டும் குறிக்கான விலையையும் அவனே செலுத்தினான்.

ஒஸ்திரிய வாரிசுரிமைப் போர்க் காலத்திற் பிரித்தானியப் படையில் ஹவார்ட் என்னும் பெயருடைய கேணல்கள் இருவர் இருந்தனர். தோமஸ் ஹவார்டின் கீழ் மூன்றாம் படையணியும் சார்ள்ஸ் ஹவார்டின் கீழ் பத்தொன்பதாம் படையணியும் பணியாற்றின. இரண்டும் 'ஹவார்டின் படையணி' என்றே அழைக்கப்பட வேண்டியவை. இக்குழப்பத்தைத் தீர்த்தது மடிப்பு நிறமே. பதனிட்ட தோலின் மங்கல் மஞ்சள் நிறம் பூண்டோர் ஒரு ஹவார்டின் ஆட்களாகவும், பச்சை பூண்டோர் மற்ற ஹவார்டின் ஆட்களாகவும் அறியப்பட்டனர். 1751ஆம் ஆண்டு அரச ஆணை கேணல்கள் தமது குலச் சின்னத்தையோ தமது வேலையாட்களுக்குரிய அடையாளத்தையோ படையணியின் எப்பொருளிலும் பொறித்தலைத் தடைசெய்தது. படையணிகளை எண்ணாற் குறிக்கும் முறையை உறுதிப்படுத்தியது. அரசு தன் படையைத் தன்னுடையதாக்க எடுத்த முயற்சிகளில் இது முக்கியமானது. எனினும் நிறங்கள் நீங்கவில்லை. உடைமையாளனின் பெயர் அழிந்தபின்னும் அவனது நிறம் துணியிலே தங்கிவிட்டது.

இக்கால எல்லைக்குள்ளேயே இன்னொரு வகை நிறமும் தோன்றியிருந்தது. பிரித்தானியப் பீரங்கிப்படையின் நிரந்தரக் கம்பனிகள் 1716இல் நிறுவப்பட்டபோது, அவை எந்தக் கேணலின் சொத்தாகவும் அமையாது படைக்கலச் சபையின் நேரடி ஆட்சியின் கீழ் வந்தன. காலாட்படையிலும் குதிரைப்படையிலும் அதிகாரிப் பதவிகள் விலைக்கு வாங்கப்பட்டன. பீரங்கிப்படையிலும் பொறியியற் படையிலும் அவ்வழக்கம் இருக்கவில்லை. அங்கே கணிதமும் கட்டடக்கலையும் கற்றுத் தேறவேண்டியிருந்தது. சிவப்பு மேலங்கிக் கடலின் நடுவே பீரங்கிப்படையினர் நீல மேலங்கியுடன் நின்றமைக்கு இப்பின்னணி உண்டு. ஏனைய நாடுகளிலும் இக்கிளைகள் கருநிறத்தை நாடின. பிரஷ்யப் பீரங்கிப்படையினர் சிவப்பு விளிம்பிட்ட கறுப்புக் கழுத்துப்பட்டையும், பிரான்சின் பொறியியற் படையினர் கறுப்பு வெல்வெட்டும், ருஷ்யப் பீரங்கிப்படையினரும் பொறியியற் படையினரும் கறுப்பும் பூண்டனர். வெடிமருந்தின் கரி கறுப்பில் தெரியாது என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பட்டறையறியாத அலுவலக அதிகாரிக்கும் வெல்வெட் அணிவித்தமையைக் கரி மட்டும் விளக்காது. கல்வியினாற் பதவி பெற்ற பிரிவு, பிறப்பினாலும் பணத்தினாலும் பதவி பெற்ற பிரிவினின்று தன்னை வேறுபடுத்திக் காட்டிய நிறம் அது எனக் கொள்வதே பொருந்தும். உடைமையாளன் இல்லாத இடத்திலேயே தொழிற் குறி முதன்முதலில் வேரூன்றியது.

உடைமைக் குறியின் தர்க்கத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்ற நாடு ஒஸ்திரிய-ஹங்கேரி ஆகும். 1914இல் அதன் காலாட்படையில் 102 படையணிகள் இருந்தன. அவற்றைப் பிரித்தறிய 28 மடிப்பு நிறங்கள் வகுக்கப்பட்டிருந்தன. ஒரே நிறத்தைப் பகிர்ந்தவற்றைப் பொத்தான் மஞ்சளா வெள்ளையா என்பதும், காற்சட்டை ஜேர்மானிய முறையிலமைந்ததா ஹங்கேரிய முறையிலமைந்ததா என்பதும் வேறுபடுத்தின. 28ஐ நான்காற் பெருக்கினால் 112. 102 படையணிகளும் அதனுள் அடங்கிவிடும். கணக்கு என்ற அளவில் இது குறையற்றது. ஆனால் மஞ்சிட்டிச் சிவப்பு, நண்டுச் சிவப்பு, திராட்சை மதுவின் சிவப்பு என்றவாறு பல சிவப்புகளும், கிளிப்பச்சை, அப்பிள் பச்சை, புற்பச்சை, உருக்குப் பச்சை என்றவாறு பல பச்சைகளும் கொண்ட இப்பட்டியல், மழையிலும் வெயிலிலும் சில மாதங்கள் கிடந்த துணிக்கு எவ்வாறு பயன்பட்டிருக்கும் என்பதைச் சலவைத் தொழிலாளியே அறிவான்.

பிரித்தானியா எதிர்த் திசையிற் சென்றது. 1881இல் போர்ச் செயலாளர் சில்டர்சின் சீர்திருத்தம் படையணிகளின் தனி நிறங்களை நீக்கியது. 'அரச' என்னும் அடைமொழி பெற்றவற்றுக்கு நீலம், ஏனைய இங்கிலாந்து, வேல்ஸ் படையணிகளுக்கு வெள்ளை, ஸ்கொட்லாந்துக்கு மஞ்சள், அயர்லாந்துக்குப் பச்சை என நான்கே நிறங்கள் எஞ்சின. நிர்வாகத்திற்கு இது இலகு, செலவும் குறைவு. ஆனால் அமைச்சு எதிர்பாராத எதிர்ப்பு படையணிகளிலிருந்தே எழுந்தது. முன்னைய தோமஸ் ஹவார்டின் ஆட்கள் தமது தோல் நிறத்தை 1890இலும், சார்ள்ஸ் ஹவார்டின் ஆட்கள் தமது பச்சையை 1899இலும் மீட்டுக்கொண்டனர். பின்னவரின் படையணி 1920இல் 'பச்சை ஹவார்டினர்' என்பதையே தன் உத்தியோகபூர்வப் பெயரின் பகுதியாக்கிக்கொண்டது. ஒன்றரை நூற்றாண்டின் முன் ஒரு பிரபு தன் சொத்தைக் குறிக்க இட்ட நிறம், அப்பிரபு மறைந்தபின் வீரர்களின் சொத்தாகிவிட்டது. 1881இல் தம்மிடமிருந்து எது பறிக்கப்பட்டதென அவ்வீரர்கள் உணர்ந்தார்களோ, அது கேணலின் நினைவன்று.

எனினும் இவ்வெற்றிக்குப் பொருளற்றுப் போகும் காலம் அண்மித்திருந்தது. 1880களிற் புகையில்லா வெடிமருந்து புழக்கத்திற்கு வந்தது. புகை மூடிய களத்திலே தம்மவரைக் காண உதவிய பளிச்சென்ற நிறம், புகை விலகிய களத்திற் பகைவனின் குறிக்கு இலக்காயிற்று. 1899இல் தொடங்கிய தென்னாபிரிக்கப் போரிற் பிரித்தானியர் காக்கி உடையிலேயே போரிட்டனர். ஒஸ்திரிய-ஹங்கேரி 1908இலும் ஜேர்மனி 1910இலும் சாம்பல் நிறத்தை ஏற்றன. பிரெஞ்சு வீரன் 1914இலும் சிவப்புக் காற்சட்டையுடனேயே களம் புகுந்தான்.

துணி முழுவதும் மங்கலானபோது நிறம் விளிம்பிற்கு ஒதுங்கியது. ஆனால் அவ்விளிம்பிற் படையணி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் என்ற பழைய முறைக்கு இடமில்லை. 1915 செப்டெம்பரில் ஜேர்மனி வெளியிட்ட புதிய உடை ஆணை இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. அதற்குமுன் பிரஷ்யக் காலாட்படைத் தோட்பட்டையின் விளிம்பு நிறம் எந்தப் படைத்தொகுதியைச் சேர்ந்தவன் என்பதைக் காட்டியது. அவ்வாணையின்பின் காலாட்படை என்றாற் பொதுவில் வெள்ளை, பீரங்கிப்படை என்றாற் சிவப்பு, பொறியியற் படை என்றாற் கறுப்பு. ஒருவன் யாருடைய ஆள் என்ற கேள்வி மறைந்து, அவன் செய்யும் வேலை யாது என்ற கேள்வியே நின்றது. பல இலட்சம் பேரைத் தொழிற்சாலைபோற் பகுத்து, இறந்தோர் இடத்திற் புதியோரை இட்டு நிரப்பவேண்டியிருந்த ஒரு போரின் நடுவில் இம்மாற்றம் நிறைவெய்தியது தற்செயலன்று.

இந்நிறங்கள் வெறும் நிர்வாகக் குறிகளாயினும், தம் பிறப்பை மறைப்பதில்லை. டாங்கி இதற்கு நல்ல உதாரணம். 1919ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கை ஜேர்மனிக்கு டாங்கிகளைத் தடைசெய்தது. ஆகவே ஓர் இலட்சம் பேர் கொண்ட அந்நாட்டுப் படையில் இயந்திரமயப் போர்முறைக்கான சிந்தனை, பொருட்களை ஏற்றியிறக்கும் மோட்டார் போக்குவரத்துப் பிரிவினுள்ளேயே வளர்க்கப்பட்டது. ஹைன்ஸ் குடேரியன் 1922இற் பணியாற்றச் சென்றது அப்பிரிவின் அலுவலகத்துக்கே. அப்பிரிவின் நிறம் இளஞ்சிவப்பு. 1930களில் தடையை மீறிக் கவசப்படை வெளிப்பட்டபோது, அதன் கறுப்பு உடையின் விளிம்பிலும் மண்டையோட்டுச் சின்னத்தின் சுற்றிலும் போக்குவரத்துப் பிரிவின் இளஞ்சிவப்பே அமைந்தது. இன்று மென்மைக்கு உரியதெனக் கருதப்படும் நிறம் போலந்தையும் பிரான்சையும் ஊடறுத்த படையின் நிறமாயிருந்தமை பலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஒளித்து வளர்க்கப்பட்ட குழந்தை தன்னை ஒளித்த வீட்டின் பெயரைச் சுமந்து நின்றது, அவ்வளவே. சோவியத் டாங்கிப் படையினரோ பீரங்கிப்படையினரைப் போன்று சிவப்பு விளிம்பிட்ட கறுப்பை அணிந்தனர். ஐக்கிய அமெரிக்காவிற் கவசப்படை 1950இல் குதிரைப்படையின் வாரிசாக அங்கீகரிக்கப்பட்டு, 1855இலிருந்து குதிரை வீரர்க்கு உரியதாயிருந்த மஞ்சளைப் பெற்றது. ஒரே இயந்திரத்தை ஒரு நாடு வண்டியாகவும், ஒரு நாடு பீரங்கியாகவும், ஒரு நாடு குதிரையாகவும் கண்டது.

ருஷ்யாவில் இக்கதை வேறொரு தீவிரத்தைப் பெற்றது. 1917இல் வீரர்கள் அதிகாரிகளின் தோட்பட்டைகளைப் பிய்த்தெறிந்தனர். அவ்வாண்டு டிசெம்பரிற் புரட்சி அரசின் ஆணை எல்லாப் பதவிப் பெயர்களையும், எல்லா வெளிப்புறக் குறிகளையும் ஒழித்தது. படையினர் யாவரும் சமமான குடிமக்கள் எனப் பிரகடனப்படுத்தப்பட்டனர். அவ்வாணையின் நேர்மையை ஐயுறவேண்டியதில்லை. ஆனால் உள்நாட்டுப் போர் மூண்டது. பல முனைகளிற் படை நடத்தவேண்டியிருந்தது. 1919 ஜனவரி 16ஆம் திகதி, அதாவது ஏறத்தாழப் பதின்மூன்று மாதங்களில், செஞ்சேனைக்கு நிறங்கள் மீண்டும் வந்தன: காலாட்படைக்கு ராஸ்பெரிப் பழம் போன்ற கருஞ்சிவப்பு, குதிரைப்படைக்கு நீலம், பீரங்கிப்படைக்குச் செம்மஞ்சள், பொறியியற் படைக்குக் கறுப்பு, விமானப்படைக்கு வான்நீலம், எல்லைக் காவற்படைக்கு இளம்பச்சை. உடைமைக் குறியைப் புரட்சியால் ஒழிக்க முடிந்தது. தொழிற் குறியை அவ்வாறு ஒழிக்க இயலவில்லை. ஏனெனில் அது வேலைப் பகுப்பிலிருந்து பிறந்தது, வேலைப் பகுப்போ நீங்கவில்லை. தோட்பட்டை மட்டும் பழைய ஆட்சியின் சின்னமாகக் கருதப்பட்டு, மேலும் இருபத்து நான்கு ஆண்டுகள் விலக்கி வைக்கப்பட்டது.

குறி என்பது தன்னவர்க்கு மட்டுமன்றிப் பகைவர்க்கும் வாசிக்கக் கூடியது. முதலாம் உலகப் போரின் பதுங்குகுழித் திடீர்த் தாக்குதல்களில் பிரித்தானியர் இறந்த ஜேர்மானியரின் தோட்பட்டைகளை வெட்டிச் சென்றனர். எதிரே நிற்பது எந்தப் படையணி என்பதை அவை கூறின. அவ்வாசிப்பு இறந்தோர்க்கு மேலும் தீங்கு செய்யவில்லை. 1941 ஜூன் 6ஆம் திகதி ஜேர்மானிய உயர் தலைமையகம் விடுத்த 'கமிசார் ஆணை' உயிருள்ளோரை வாசிப்பதற்கானது. செஞ்சேனையின் அரசியற் கமிசார்கள் பிடிபட்டாற் போர்க்கைதிகளாகக் கொள்ளப்படாது சுடப்படவேண்டும் என்று பணித்த அவ்வாணை, அவர்களை அடையாளங் காணும் வழியையும் விளக்கியது: கைச்சட்டையில் பொன்னூலாற் சுத்தியலும் அரிவாளும் நெய்யப்பட்ட சிவப்பு நட்சத்திரம். 'இவன் செய்யும் வேலை யாது' என்பதைக் காட்டுவதற்காகத் தைக்கப்பட்ட துணித்துண்டு, அவ்வேலைக்காகவே அவனைக் கொல்வதற்கான சான்றாயிற்று.

அவ்வாண்டு ஒகஸ்ட் மாதத்திற் களத்திலிருந்த சோவியத் படையினரின் கழுத்துப்பட்டைத் துண்டுகள் யாவும் காக்கியாக மாற்றப்பட்டன. கமிசார்களின் நட்சத்திரங்கள் அகற்றப்பட்டன. பின்னர் ஸ்ராலின்கிராட்டில் வெற்றி உறுதியாகிக்கொண்டிருந்த 1943 ஜனவரியில், 1917இற் பிய்த்தெறியப்பட்ட தோட்பட்டையே மீண்டும் படையினரின் தோளேறியது. காலாட்படையின் கருஞ்சிவப்பும் விமானப்படையின் வான்நீலமும் பீரங்கிப்படையின் கறுப்பும் அதன்மேல் திரும்பி வந்தன. கைச்சட்டை நட்சத்திரம் திரும்பவில்லை. அதனை அணிந்திருந்த பதவியே 1942 ஒக்டோபரில் ஒழிக்கப்பட்டிருந்தது.